சந்தா என்னும் கையொப்பம்

"இவ்வாண்டுச் சந்தாவைச் செலுத்திவிட்டீர்களா?" என்னும் வரி நம் சங்கத் திங்களிதழின் பின்னட்டையில் ஆண்டுதோறும் தவறாது இடம்பெறுவது. அதைக் கண்டதும் சிலர் முணுமுணுப்பதுண்டு; சிலர் அடுத்த சம்பளத்துக்கு ஒத்திவைப்பதுண்டு. எனினும் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலான குடும்பங்களிலிருந்து தொகை வந்து சேர்ந்துவிடுகிறது. பொங்கல் விழாவில் பொருளாளரை நேருக்கு நேர் பார்க்க வேண்டுமே என்ற கூச்சமும் இதற்கு ஒரு காரணமாயிருக்கலாம்!

சில ஆண்டுகளாக நம் சங்கம் இன்னொரு சந்தாவையும் கேட்டு வருகிறது. இதற்குக் காசு வேண்டுவதில்லை; ரசீது இல்லை; புதுப்பிக்க வேண்டிய தொல்லையும் இல்லை. சங்கத்தின் பெயரால் இளைஞர் சிலர் நடத்திவரும் யூடியூப் அலைவரிசைக்குச் சந்தாதாரராகச் சேர வேண்டும் என்பதே அக்கோரிக்கை. கைப்பேசியில் ஒரு முறை விரலை வைத்து எடுத்தால் வேலை முடிந்தது. ஆயினும், பணம் கொடுத்து இதழுக்குச் சந்தாதாரரானவர்களில் பாதிப்பேர்கூட இந்தப் பணமில்லாச் சந்தாவில் சேரவில்லை. காசு கேட்டால் கொடுக்கும் நாம், காசில்லாமல் கேட்டால் தயங்குவது ஏன்?

இவ்வினாவைச் சற்று விரிவாக ஆராய்வது இப்போது அவசியமாகிறது. 2020-ஆம் ஆண்டு கொள்ளை நோயின் காரணமாகக் கூட்டங்கள் நின்றுபோனபோது தொடங்கிய இந்த அலைவரிசையை மேலும் நடத்துவதா, நிறுத்திவிடுவதா என்னும் பொருள், வரும் பொதுக்குழுவில் விவாதத்திற்கு வர இருக்கிறது. நடத்துகின்ற இளைஞர்கள் சோர்ந்திருக்கிறார்கள். அவர்கள் பொருளுதவி கேட்கவில்லை. "பார்ப்பவர்கள் யார் என்று தெரிந்தால் போதும்" என்கிறார்கள். அவர்களுடைய இந்தச் சிறிய வேண்டுகோளின் பின்னே பெரியதொரு செய்தி இருப்பதாக நாம் கருதுகிறோம்.

கையொப்பக்காரர்கள்

சந்தா என்பது நமக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் நூலொன்றை அச்சிட விரும்பிய புலவர், அச்சுக்கூடத்துக்குப் போகுமுன் அன்பர்களின் வீடுகளுக்குப் போவார். "இந்நூல் வெளிவந்ததும் இத்தனை பிரதிகள் பெற்றுக்கொள்வேன்" என்று செல்வர்களும் தமிழன்பர்களும் ஒரு தாளில் கையெழுத்திடுவார்கள். சிலர் முன்பணமும் தருவார்கள். இதற்குக் கையொப்பம் வாங்குதல் என்று பெயர். அந்தக் கையொப்பங்களை நம்பியே காகிதம் வாங்கப்பெறும், அச்சுக் கோக்கப்பெறும். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர், ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிச் சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்து வெளியிட்டபோது, இத்தகைய கையொப்பக்காரர்களின் துணை அவருக்கும் வேண்டியிருந்தது. தமிழுக்கு அப்பெருங்காப்பியம் அச்சில் கிடைத்ததில், பெயர் மறந்துபோன அந்த அன்பர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

கையொப்பமிட்ட அனைவரும் அந்நூலை வரிவரியாகப் படித்து மகிழ்ந்திருப்பார்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால், "நீர் செய்யும் வேலை வீண்போகாது, வாங்கிக்கொள்ள நாங்கள் இருக்கிறோம்" என்ற உறுதியை அவர்கள் முன்னதாகவே தந்தார்கள்.

பின்னர் வார, மாத இதழ்கள் பெருகிய காலத்தில், தமிழகத்துக்கு வெளியே குடியேறிய குடும்பங்களுக்குச் சந்தாவே தாய்மொழிக்கும் தமக்குமிடையே உள்ள கயிறாயிற்று. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் தொடராக வெளிவந்தபோது, சென்னையிலிருந்து வரும் இரயிலை எதிர்பார்த்துக் காத்திருந்த கதையை நம்மூர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இதழ் ஒருவர் வீட்டுக்கு வரும். அதைப் பத்து வீடுகள் படிக்கும். தபாற்காரர் வரும் நாள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இன்று அந்தக் காத்திருப்புக் குறைந்துவிட்டது. கைப்பேசியில் எந்நேரமும் ஏதேனும் ஓடிக்கொண்டே இருக்கிறது. எதற்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே எதையும் "எங்களுடையது" என்று உரிமை பாராட்டும் எண்ணமும் நம்மிடம் தேய்ந்து வருகிறது.

இந்தச் சந்தா எத்தகையது?

யூடியூப் என்பது 2005-இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்றது. அவ்வாண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் ஏற்றப்பட்ட முதற் காணொளி, விலங்குக் காட்சிசாலையில் யானைகளின் முன் நின்று ஓர் இளைஞர் பேசுவது. அது இருபது நொடிகூட ஓடாது. மறு ஆண்டே கூகுள் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. இன்று நம் நாட்டில் பேரப்பிள்ளையிலிருந்து பாட்டி வரை அறிந்த பெயராக அது விளங்குகிறது.

இதில் சப்ஸ்கிரைப் என்னும் பொத்தானை அழுத்துவதே சந்தாவாகும். இதைப் பற்றி நம் வீடுகளில் உலவும் ஐயங்களைக் கேட்டுத் தொகுத்திருக்கிறோம். "அழுத்தினால் வங்கியிலிருந்து பணம் பிடித்துக்கொள்வார்களா?" என்பது முதல் ஐயம். சப்ஸ்கிரைப் என்பதற்குக் கட்டணமே கிடையாது. அதன் அருகே சில அலைவரிசைகளில் ஜாயின் என்று வேறொரு பொத்தான் காணப்படும். அதுதான் மாதக் கட்டணம் உடையது. விளம்பரமின்றிப் பார்ப்பதற்கான பிரீமியம் என்பதும் கட்டணம் உடையதே. இவ்விரண்டையும் விட்டுவிடுங்கள், நம் சங்கம் இவற்றைக் கேட்கவில்லை.

"பிறகு வேண்டாமென்றால் விலக முடியுமா?" என்பது இரண்டாவது ஐயம். முடியும். அதே பொத்தானை மீண்டும் தொட்டு விலகிக்கொள்ளலாம். காரணம் கேட்பார் இல்லை.

"சேர்ந்துதானே இருக்கிறோம், புதியது வந்தால் ஏன் தெரிவதில்லை?" என்பது மூன்றாவது. இது நியாயமான முறையீடு. சேர்ந்த மாத்திரத்தில் எல்லா அறிவிப்பும் வந்துவிடுவதில்லை. பொத்தானுக்கருகே மணி போன்ற ஒரு குறி இருக்கிறது. அதில் மூன்று நிலைகள் உண்டு: எல்லா அறிவிப்பும் தருவது, இயந்திரமே தேர்ந்தெடுத்துச் சிலவற்றை மட்டும் தருவது, ஒன்றும் தராதது. நாம் எதையும் மாற்றாவிடில் நடுநிலையே நிற்கும். புதிய காணொளி ஒவ்வொன்றும் தெரிய வேண்டுமானால், முதல் நிலையை நாமே தேர்ந்துகொள்ள வேண்டும்.

அறிவிப்பே வேண்டாம், கைப்பேசி ஓயாமல் ஒலிக்கிறது என்போர்க்கும் வழி இருக்கிறது. யூடியூப் செயலியில் சந்தாக்களுக்கென்று தனியே ஒரு பக்கம் உண்டு. நாம் சேர்ந்திருக்கும் அலைவரிசைகளின் புதியன எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். இதழைப் பிரித்துப் படிப்பதுபோல், ஓய்வு நேரத்தில் அதைத் திறந்து பார்க்கலாம்.

போலி அழைப்புகள்

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் கூறாமல் இருக்க முடியவில்லை. சந்தா சேர்க்கிறோம் என்ற பெயரால் நாட்டில் ஒரு பெருமோசடியும் நடந்து வந்திருக்கிறது. "வீட்டிலிருந்தபடியே பகுதிநேர வேலை, யூடியூப் அலைவரிசைகளில் சேர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு ரூபாய்" என்று வாட்ஸப்பில் செய்தி வரும். முதலில் நூறோ இருநூறோ உண்மையிலேயே வந்து சேரும். பிறகு டெலிகிராம் குழுவொன்றில் சேர்த்துக்கொண்டு, "பெரிய வேலைக்கு முன்பணம் கட்டுங்கள், இருமடங்காகத் திரும்பும்" என்பார்கள். கட்டிய பணம் திரும்பாது. 2023-இல் நம் நாட்டின் பல நகரங்களிலும் படித்தவர்களே இவ்வாறு இலட்சக்கணக்கில் இழந்து காவல்துறையிடம் முறையிட்டார்கள்.

ஆகவே தாய்மார்கள் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். சந்தா சேர்வதற்கு நாம் பணம் தருவதும் இல்லை. நமக்கு யாரும் பணம் தருவதும் இல்லை. பணம் பற்றிய பேச்சு எழுந்த இடத்தில் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுவதே நலம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்னும் எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்ய வேண்டும்.

எண்ணிக்கையின் பயன்

சந்தாதாரர் தொகை கூடுவதால் என்ன பயன்? நாம் கணக்குப் பார்த்துப் பழகியவர்களாதலால், கணக்காகவே சொல்லிவிடுகிறோம்.

கைப்பேசியிலிருந்தே நேரடி ஒளிபரப்புச் செய்ய வேண்டுமானால், அலைவரிசைக்குக் குறைந்தது 50 சந்தாதாரர் இருக்க வேண்டும். இந்தப் படியை நம் சங்கம் தாண்டிவிட்டது. அதனால்தான் சென்ற பொங்கலன்று, முழங்கால் வலியால் வர இயலாத முதியவர்கள் வீட்டிலிருந்தே விழாவைக் கண்டார்கள்.

விளம்பர வருவாயில் பங்கு பெறுவதற்கு வேறொரு படி உண்டு. 2018-ஆம் ஆண்டு முதல், 1,000 சந்தாதாரர்களும், பன்னிரண்டு மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். குறும்படத் துணுக்குகளுக்கு வேறு கணக்கு உண்டு. அது நமக்கு எட்டாத தொகையாதலால் விட்டுவிடுவோம். 4,000 மணி என்று கேட்டதும் மலைப்பாக இருக்கிறது. ஆனால் 1,000 பேருக்கு வகுத்துப் பாருங்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு 4 மணி. மாதத்துக்கு 20 நிமிடம். ஒரு சாயங்காலத்தில் காப்பி குடித்துக்கொண்டே பார்த்து முடிக்கக்கூடிய நேரம். அவ்வருவாயால் சங்கம் செல்வந்தராகிவிடப் போவதில்லை. ஒலிவாங்கி ஒன்று வாங்கலாம், குழந்தைகளின் தமிழ் வகுப்புக்குப் புத்தகம் வாங்கலாம். அதுவே பெரிது.

எனினும் வருவாயை முதன்மையாக வைத்து நாம் இக்கட்டுரையை எழுதவில்லை. மேலான பயன் வேறொன்று உண்டு. அதைப் பின்னர்க் கூறுவோம்.

இரண்டு வழிகள்

சந்தாதாரரைப் பெருக்குவதற்கு உலகத்தார் கையாண்ட வழிகள் பல. அவற்றுள் ஒன்று பந்தயம். 2018, 2019 ஆண்டுகளில், நம் நாட்டு இசை நிறுவனமான டி-சீரிசுக்கும், பியூடிபை என்னும் பெயரால் விளங்கும் சுவீடன் நாட்டு இளைஞருக்கும் சந்தாதாரர் தொகையில் யார் முதல்வர் என்ற போட்டி மூண்டது. இருபக்கத்தாரும் ஊரெங்கும் முழங்கினார்கள். அவ்விளைஞரின் அன்பர் ஒருவர் பிறருடைய அச்சுப்பொறிகளுக்குள் கணினி வழியே புகுந்து, அவருக்குச் சந்தாதாரராகுங்கள் என்ற துண்டறிக்கையை ஆயிரக்கணக்கான இடங்களில் அச்சிடச் செய்தார்! முடிவில் 2019 ஏப்ரலில் அவ்விளைஞரே முன்வந்து, இந்த இயக்கத்தை இத்துடன் நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொள்ளும்படி ஆயிற்று. அடுத்த மாதமே டி-சீரிஸ் 10 கோடி சந்தாதாரரை எட்டிற்று. 2024 ஜூனில் மிஸ்டர் பீஸ்ட் என்னும் அமெரிக்கர் அதையும் முந்திவிட்டார். பந்தயத்தில் வென்றவர் பெயர் ஐந்தாண்டில் மாறிப்போயிற்று.

இரண்டாவது வழி, விலைக்கு வாங்குவது. அல்லது "நீ எனக்குச் சேர், நான் உனக்குச் சேர்கிறேன்" என்று பண்டமாற்றுச் செய்வது. இவை இரண்டும் யூடியூப்பின் விதிகளுக்கு மாறானவை. இவ்வாறு சேர்ந்த தொகையைக் கண்டால் அவர்கள் கழித்துவிடுகிறார்கள். கழிக்காவிட்டாலும் என்ன பயன்? பொய்க் கையொப்பத்தை நம்பிக் காகிதம் வாங்கிய புலவரின் கதியே நேரும். நூல் அச்சாகும், வாங்குவதற்கு ஆள் இருக்காது.

இவற்றுக்கு எதிரே, நம் தமிழகத்துச் சிற்றூர் ஒன்று காட்டிய வழியைப் பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில், 2018-இல், சமையலில் கைதேர்ந்த ஒரு தாத்தாவும் அவர் பேரன்மாரும் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்து, அதைப் படம்பிடித்து வெளியிடத் தொடங்கினார்கள். வில்லேஜ் குக்கிங் சானல் என்பது அதன் பெயர். மாயமந்திரம் ஒன்றுமில்லை. அம்மியில் அரைப்பார்கள், பெரிய பாத்திரத்தில் கிளறுவார்கள், வாழையிலையில் பரிமாறுவார்கள். பேச்சு மிகக் குறைவு, வேலை தெளிவு. 2021 ஜூலையில் அது ஒரு கோடிச் சந்தாதாரரைப் பெற்றது. தமிழ் அலைவரிசைகளுள் அந்தத் தொகையை முதலில் எட்டியது அதுவே.

நம் சங்கம் கோடியை நோக்கி ஓட வேண்டியதில்லை. அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றே. தமக்குத் தெரிந்த வேலையைத் தம் ஊரில், தம் மொழியில், திரும்பத் திரும்பச் செய்தார்கள். இன்று இது, நாளை வேறொன்று என்று தாவவில்லை. பார்ப்பவருக்கு, "அடுத்த முறையும் இவர்கள் இதே அன்போடு இருப்பார்கள்" என்ற நம்பிக்கை பிறந்தது.

கால அட்டவணை

இந்த நம்பிக்கையைப் பற்றி இரயில்வேக்காரர்களாகிய நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. நம் கரக்பூரிலிருந்து ஹௌராவுக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்புவோர் எத்தனையோ பேர். வங்காளிகள் அவர்களை "டெய்லி பாசஞ்சர்" என்றே அழைப்பார்கள். மாதச் சீட்டோ, மூன்று மாதச் சீட்டோ வாங்கி வைத்திருப்பார்கள். எப்போதாவது கல்கத்தாவுக்குப் போகிறவர் அன்றைக்குச் சீட்டு வாங்குகிறார். மாதச் சீட்டு வாங்குகிறவர் நாளைக்கும் அந்த வண்டி உண்டு என்று நம்பி இன்றே பணம் கட்டுகிறார். எந்த வண்டிக்குக் குறித்த நேரம் உண்டோ, அந்த வண்டிக்கே மாதச் சீட்டுக்காரர்கள் சேர்வார்கள். "எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது, ஆனால் கிளம்பினால் நன்றாக ஓடும்" என்று ஒரு வண்டியைப் பற்றி அறிவித்துவிட்டு மாதச் சீட்டு விற்க முடியுமா?

காணொளி அலைவரிசைக்கும் இதுவே விதி. ஆதலின், சந்தா கேட்குமுன் அலைவரிசை நடத்துவோர் சிலவற்றைச் செய்ய வேண்டும் என்று அவர்களுடன் அமர்ந்து பேசி முடிவு செய்திருக்கிறோம்.

முதலாவது, நாள் குறித்தல். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் மாலை ஏழு மணிக்குப் புதிய காணொளி வரும். மாதத்துக்கு இரண்டு போதும். தவறாமல் வர வேண்டும்.

இரண்டாவது, கேட்கும் முறை. பல அலைவரிசைகளில், வாயைத் திறக்குமுன்பே "சேருங்கள், சேருங்கள்" என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். பந்திக்கு வந்தவரிடம் இலை போடுமுன் மொய் கேட்பது போன்றது இது. முதலில் பரிமாற வேண்டும். பார்ப்பவர் ஒன்றைப் பெற்றுக்கொண்ட பின், ஒரே வாக்கியத்தில் கேட்க வேண்டும். அத்துடன், அடுத்த முறை வரப்போவது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். எதற்காகச் சேர வேண்டும் என்று தெரிந்தால்தானே ஒருவர் சேர்வார்?

மூன்றாவது, தலைப்பு. நம் பிள்ளைகள் பலர் தமிழைக் கேட்டால் புரிந்துகொள்வார்கள்; எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுவார்கள். அவர்கள் தேடும்போது கிடைக்கும்படி, தலைப்பைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் சேர்த்தே தர வேண்டும். காணொளியின் அடியில் தமிழ் வரிகளும் ஓடுமானால், கேட்டுக்கொண்டே எழுத்தையும் பழகுவார்கள்.

நான்காவது, திரைப்பாடல். ஆண்டுவிழாவில் குழந்தைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடியதை அப்படியே ஏற்றினால், பாட்டின் உரிமையாளர் உரிமை கோருவது வழக்கம். இதனைக் கண்டுபிடிக்க இயந்திர ஏற்பாடே இருக்கிறது. சில வேளை ஒலி அடங்கிவிடும். சில வேளை காணொளியே மறைக்கப்படும். அல்லது வருவாய் அவர்களுக்குப் போய்விடும். நம் வீட்டுப் பாட்டிமார் பாடும் பாட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது நம்முடையது.

"யார் பார்க்கப் போகிறார்கள்?"

மேலான பயன் வேறொன்று உண்டு என்று முன்னர்க் கூறினோம். அதனை இப்போது சொல்ல வேண்டும்.

இரயில்வே குவார்ட்டர்ஸில் நெடுங்காலம் வாழ்ந்த திருநெல்வேலிச் சீமை அம்மையார் ஒருவர், தம் எண்பதாவது வயதில், இளைஞர்கள் வற்புறுத்தியதன்மேல் தாலாட்டுப் பாடினார். பல்லாங்குழி ஆடும் முறையையும் சோழி வைத்துச் சொல்லிக் கொடுத்தார். சமையலறையில் எடுத்த படம். நடுவே குக்கர் விசில் அடிக்கிறது. "இரு தம்பி, அடுப்பை அணைச்சிட்டு வாறேன்" என்று எழுந்து போகிறார். அதையும் நீக்காமல் விட்டிருக்கிறார்கள். சென்ற ஆண்டு அவர் காலமானார். புனேயில் இருக்கும் அவர் பேத்தி, தம் கைக்குழந்தையை அந்தத் தாலாட்டைப் போட்டே தூங்க வைப்பதாகச் சங்கத்துக்கு எழுதினார். அந்தக் குழந்தை தன் கொள்ளுப்பாட்டியைக் கண்டதில்லை. ஆனால் அந்தக் குரல் அதற்குத் தெரியும்.

இன்னொருவர் இருக்கிறார். பொன்மலையில் பிறந்து, வாலிபத்தில் இங்கே வந்து, நம் ஒர்க் ஷாப்பில் பிட்டராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தைக் கண்ணால் கண்டவர். இவ்வூரில் முதன்முதல் பொங்கல் பானை வைத்தது எந்த மரத்தடியில், தமிழ் நாடகம் போட்டது எந்தக் கொட்டகையில், ஊரிலிருந்து புதிதாக வருகிறவனுக்கு யார் வீட்டில் சோறு போட்டார்கள் என்பதெல்லாம் அவர் ஒருவர் நினைவில்தான் இருக்கின்றன. அவரைப் பேசச் சொல்லி எங்கள் குழுவினர் போனார்கள்.

"யார் தம்பி இதையெல்லாம் உட்கார்ந்து பார்க்கப் போறாங்க?" என்று அவர் கேட்டார்.

"நிறையப் பேர் பார்ப்பாங்க ஐயா" என்று சொல்லி, ஓர் இளைஞர் கைப்பேசியில் நம் அலைவரிசையைத் திறந்து காட்டினார். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெயருக்குக் கீழே இருந்த சந்தாதாரர் தொகையை மெதுவாகப் படித்தார்.

"நம்ம காலனியிலேயே இதைவிட அதிகம் பேர் இருக்காங்களேப்பா" என்றார். பிறகு, "பார்க்கலாம். உடம்பு கொஞ்சம் தேறட்டும்" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

அவர் சொன்னதில் குற்றம் இல்லை. ஒரு மனிதன் தன் வாழ்வை எடுத்துச் சொல்ல வேண்டுமானால், எதிரே கேட்பதற்கு ஆள் வேண்டும். திண்ணையில் பேசுகிறவர்கூட, "ம்" கொட்ட ஒருவர் இருந்தால்தான் கதையைத் தொடர்வார். கையொப்பம் கண்ட பிறகே புலவர்கள் அச்சுக்கூடம் சென்றார்கள். இன்றைக்கு நம் முதியவர்களுக்கு அந்தக் கையொப்பத்தைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம். அவர்களுக்கு நாள் குறைவு. இங்கே நாம் வந்து வேரூன்றிய கதை எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. அவர்களோடு போனால் போனதுதான்.

செய்ய வேண்டுவன

இக்கட்டுரையைப் படிக்கும் ஒவ்வொரு குடும்பத்தையும் நாம் வேண்டிக்கொள்வது மூன்று.

ஒன்று: வீட்டில் எத்தனை பேர் கைப்பேசி வைத்திருக்கிறார்களோ, அத்தனை பேரும் அவரவர் கணக்கிலிருந்து நம் சங்க அலைவரிசையில் சேருங்கள், மணிக் குறியில் எல்லா அறிவிப்பும் வரும் நிலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். முறை தெரியாதவர்கள் கூச்சப்பட வேண்டாம். ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு முடிந்த பின், சங்கக் கூடத்து வாயிலில் இளைஞர் இருவர் மேசை போட்டு அமர்ந்திருப்பார்கள். கைப்பேசியை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லித் தருவார்கள். கடவுச் சொல்லை அவர்களிடமும் சொல்ல வேண்டாம்.

இரண்டு: காணொளி பிடித்திருந்தால் உறவினருக்கு அனுப்புங்கள். ஆனால் அதைக் கோப்பாக இறக்கி வாட்ஸப்பில் ஏற்றி அனுப்பாதீர்கள். அலைவரிசையின் இணைப்பையே அனுப்புங்கள். கோப்பாக அனுப்பினால் ஆயிரம் பேர் பார்த்தாலும் அலைவரிசைக்கு ஒருவர் பார்த்ததாகக்கூடக் கணக்கு ஏறாது. அந்த அம்மையாரின் தாலாட்டு இவ்வாறுதான் எத்தனையோ குழுக்களில் சுற்றி வந்தது; பாடியவர் யார், இன்னும் என்னென்ன பாடியிருக்கிறார் என்பது அதைக் கேட்டவர்களுக்குத் தெரியாமலே போயிற்று.

மூன்று: சேர்ந்ததோடு நின்றுவிடாமல், மாதத்துக்கு 20 நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள். குழந்தைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பார்த்தபின் காணொளியின் கீழே தமிழில் ஒரு வரி எழுதுங்கள். "பாட்டி, எங்கள் ஆச்சியும் இதைத்தான் பாடுவார்" என்று ஒருவர் எழுதியதைப் படித்துக் காட்டியபோது, அந்த அம்மையார் இரண்டு முறை திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

பிடிக்கவில்லையானால் அதையும் எழுதுங்கள். குறை கூறுகிறவரும் நமக்கு வேண்டியவரே. எது இல்லை, எது வேண்டும் என்று சொன்னால், நடத்துகிறவர்களுக்கு வழி தெரியும்.

பொதுக்குழு கூடுவதற்கு இன்னும் ஆறு வாரங்கள் இருக்கின்றன. அலைவரிசை தொடர வேண்டுமா என்பதை அன்று கை தூக்கி முடிவு செய்வார்கள். அதற்கு முன்பாகவே ஒவ்வொரு வீடும் தன் தீர்ப்பைச் சொல்லிவிட வழி இருக்கிறது. பொன்மலைப் பெரியவருக்கு உடம்பு சற்றுத் தேறியிருப்பதாகக் கேள்விப்படுகிறோம். அடுத்த வாரம் மீண்டும் அவர் வீட்டுக்குப் போக இருக்கிறார்கள். இம்முறை அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிப்பதற்கு, நம் காலனிக்குத் தகுந்த ஓர் எண் அங்கே இருக்க வேண்டும்.